கோண எழுத்துருவில் கோளாறா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

காரைக்குடியில் டிசைன், ஃபிளெக்ஸ், ரேடியம் கட்டிங் மூன்றும் சேர்ந்த ஒரு சின்னக் கடையில்தான் என் நாள் கழிகிறது. தை பிறக்கப் போகிறது என்றால் சிராவயல் மஞ்சுவிரட்டுக்குப் பனியன் அடிக்க வருகிற பையன்கள், கபடி அணிக்கு ஜெர்சி கேட்பவர்கள், புதிதாக ஜிம் திறப்பவர்கள், டிரோன் வைத்துக் கல்யாண வீடியோ எடுப்பவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: "அண்ணே, எழுத்து வளைவே இல்லாம, மிஷின்ல வெட்டின மாதிரி ஷார்ப்பா இருக்கணும்." ஆங்கிலத்தில் அந்த மாதிரி எழுத்துரு எவ்வளவோ கிடைக்கும். தமிழில் கிடைப்பது குறைவு. கிடைப்பதிலும் சில, போர்டு ஏறுகிற வரை நன்றாக இருந்துவிட்டு, ஏறிய பிறகு காலை வாரிவிடும். அதனால் நானே ஒன்று வரைந்தேன். அதை வரைந்தபோதும், மற்றவர்கள் செய்த எழுத்துருக்களைப் பயன்படுத்தியபோதும் நான் சந்தித்த கோளாறுகளையும் அவற்றுக்குக் கண்ட வழிகளையும் இங்கே எழுதுகிறேன். எழுத்துரு செய்பவர்களுக்கும் ஆகும், வாங்கிப் போட்டு வேலை பார்ப்பவர்களுக்கும் ஆகும்.

கோண எழுத்துரு என்று நான் சொல்வது கிடைக்கோடு, நெடுக்கோடு, 45 பாகைச் சாய்கோடு இந்த மூன்றால் மட்டும் கட்டிய எழுத்தை. இந்த எண்ணத்தின் வேர்களில் ஒன்று ஐரோப்பாவில். இத்தாலியின் நெபியோலோ என்ற அச்செழுத்து வார்ப்பகம் 1952-ல் மைக்ரோகிராமா என்ற சதுர எழுத்தை வெளியிட்டது. அதை விரித்து ஆல்டோ நோவரேசே 1962-ல் யூரோஸ்டைல் செய்தார். வட்டத்தை நெருக்கிச் சதுரமாக்கினால் அது வருங்காலத்து எழுத்து மாதிரி தெரியும் என்ற எண்ணம் அப்போது ஊன்றியதுதான், இன்றுவரை போகவில்லை. 1967-ல் நெதர்லாந்தின் வடிவமைப்பாளர் விம் குரோவெல் ஒரு படி மேலே போனார். அந்தக் காலத்துத் திரைகளில் வளைவுகள் சிதைந்து தெரிந்ததால், வளைவே இல்லாத 'நியூ ஆல்ஃபபெட்' ஒன்றைப் பரிசோதனையாக வரைந்தார். பார்க்க அபாரமாக இருக்கும், ஆனால் அதில் பல எழுத்துகளைப் பழகாமல் படிக்கவே முடியாது. அந்த ஆபத்து தமிழில் இன்னும் அதிகம். ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் பாதி ஏற்கெனவே நேர்கோடு. நம் எழுத்து சுழியால் ஆனது. நேர்கோடு நமக்கு அந்நியம் என்று சொல்லவில்லை. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் சித்தன்னவாசல் ஏழடிப்பட்டம் குகையில் கல்லில் வெட்டியிருக்கிற தமிழி (தமிழ் பிராமி) எழுத்தைப் பாருங்கள், அதில் 'க' என்பது வெறும் கூட்டல் குறி. ஆனால் இன்று நாம் படிக்கிற தமிழில் ஒரு சுழியை எடுத்தால் எழுத்தே மாறிவிடும். கீழே வருகிற கோளாறுகளில் முக்கால்வாசி இதிலிருந்துதான் வருகின்றன.

முதலில் கோளாறு எங்கே என்று பிரியுங்கள்

எதையும் திருத்துவதற்கு முன் ஐந்து நிமிடம் இதற்குச் செலவழியுங்கள். கோளாறான வரியை அப்படியே எடுத்து நோட்பேடில் ஒட்டி, விண்டோஸோடு வருகிற நிர்மலா எழுத்துருவில் பாருங்கள். அங்கேயும் தப்பாக இருந்தால் கோளாறு தட்டச்சில். அங்கே சரி என்றால், அதே நோட்பேடில் உங்கள் கோண எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். இப்போது தப்பானால் எழுத்துருவில். இங்கேயும் சரி, ஆனால் டிசைன் மென்பொருளில் மட்டும் தப்பு என்றால் மென்பொருள் அமைப்பில். திரையில் எல்லாம் சரி, கையில் வந்த பொருளில்தான் தப்பு என்றால் மெஷினுக்கு அனுப்பிய விதத்தில். இதைச் செய்யாமல் எழுத்துருவைக் குறை சொல்லி நான் இரண்டு இரவு வீணாக்கியிருக்கிறேன்.

தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துக் குவியல் வருகிறது

வாடிக்கையாளர் கொடுத்த பழைய கோப்பு பாமினி போன்ற பழைய முறையில் அடித்தது. அந்த முறையில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை உட்கார வைத்திருப்பார்கள். எழுத்துருவை மாற்றியதும் முகமூடி கழன்றுவிடும். யூனிகோடுக்கு மாற்றும் கருவி ஒன்றில் போட்டு எடுத்து, பிறகு ஒட்டுங்கள். மாற்றிய பின் ஒருமுறை முழுதாகப் படியுங்கள், கொம்புகளில் தவறு ஒளிந்திருக்கும்.

கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது, அல்லது புள்ளி வட்டம் தெரிகிறது

புள்ளிகளால் ஆன வட்டத்தின் மேல் கொம்பு ஒட்டி நின்றால், கொம்பை முதலில் அடித்துவிட்டு எழுத்தை அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். தட்டச்சுப் பொறியில் பழகிய கைக்கு இது வரும். யூனிகோடில் 'கெ' என்றால் முதலில் க, அதன் பிறகுதான் ஒற்றைக் கொம்பு. திரையில் அதை முன்னே கொண்டுவந்து வைப்பது மென்பொருளின் வேலை. அழித்துவிட்டுச் சரியான வரிசையில் அடியுங்கள்.

நோட்பேடில் சரியாக இருந்து, இன்டிசைனிலோ இல்லஸ்ட்ரேட்டரிலோ போட்டோஷாப்பிலோ மட்டும் கொம்பு பின்னால் நின்றால் அந்த மென்பொருள் தமிழை எழுத்தெழுத்தாக அடுக்குகிறது, சேர்த்துக் கட்டவில்லை. இன்டிசைனில் பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லஸ்ட்ரேட்டரில் முன்னுரிமைகளில் இந்திய மொழி வசதியைக் காட்டச் சொல்லிவிட்டு, பத்திப் பட்டியலில் தெற்காசியக் கம்போசருக்கு மாறுங்கள். போட்டோஷாப்பில் டைப் அமைப்பில் வேர்ல்ட்-ரெடி. பதிப்புக்குப் பதிப்பு பெயர் கொஞ்சம் மாறும், இடம் ஏறக்குறைய இதுதான்.

ஸ்ரீ மட்டும் உடைகிறது

நம் பக்கம் கடைப் பெயர், பத்திரிகை, கோயில் நோட்டீஸ் எதிலும் ஸ்ரீ இல்லாமல் போவது அபூர்வம். அதனால் இது அடிக்கடி வரும். ஒரு கோப்பில் ஸ்ரீ ஒழுங்காக வருகிறது, இன்னொரு கோப்பில் அதே எழுத்துருவில் ஸ் தனி, ரீ தனியாக உடைகிறது. காரணம், ஸ்ரீயை இரண்டு விதமாக அடிக்கலாம்: 'ஸ' வைத்தும் அடிக்கலாம், 2005-ல் யூனிகோடில் சேர்ந்த 'ஶ' வைத்தும் அடிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றேதான். எழுத்துரு செய்தவர் ஒன்றுக்கு மட்டும் கூட்டெழுத்து விதி எழுதியிருந்தால் மற்றது உடையும். நீங்கள் செய்பவர் என்றால் இரண்டுக்கும் விதி எழுதுங்கள். பயன்படுத்துபவர் என்றால் அந்த ஓர் எழுத்தை அழித்துவிட்டு மற்ற விதத்தில் அடித்துப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஜ, ஷ, ஹ இடத்தில் வெறும் கட்டம் வந்தால் அந்த எழுத்துகளை வரையவே இல்லை. வேறு எழுத்துருவிலிருந்து ஓர் எழுத்தை எடுத்துச் செருகி ஒப்பேற்றாதீர்கள். பெயரின் நடுவில் ஓர் எழுத்து மட்டும் வளைந்து நிற்பது பத்தடி தள்ளியே தெரியும்.

கீ, லீ, வீ தலை வெட்டுப்படுகிறது

எழுத்துருவின் உயர எல்லையைக் குறைவாகக் கொடுத்திருப்பதால் வருவது. ஆங்கிலத்தை வரைந்துவிட்டுப் பிறகு தமிழைச் சேர்த்த எழுத்துருக்களில் சாதாரணம். எழுத்துருவை 1000 அலகு உயரச் சட்டத்துக்குள் வரைவோம், அதில் என் மேல்விலங்குச் சுழி 930 வரை போகிறது. விண்டோஸுக்கான மேல் எல்லையை நான் 800 என்று விட்டிருந்தேன், வேர்டில் வீயின் சுழி பாதியோடு நின்றது. மேல் எல்லையை உயரமான எழுத்துக்கும் மேலே, கீழ் எல்லையை கூ, ழு போன்று தொங்குகிற எழுத்துக்கும் கீழே வைத்தால் சரியாகிவிடும். வரி இடைவெளி கொஞ்சம் கூடும், அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

படிக்கிறவர் வேறு எழுத்தாகப் படிக்கிறார்

இதுதான் பெரிய கோளாறு. எந்த மென்பொருளும் இதைச் சிவப்புக் கோடு போட்டுக் காட்டாது.

ஒரு வீட்டில் மணிவிழா. பேரப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே மாதிரி பனியன் போட்டுக்கொள்ள ஆசைப்பட்டு, வீட்டு விலாசத்தைக் கோண எழுத்தில் கேட்டார்கள். எங்கள் பக்கம் விலாசம் என்றால் முகவரி இல்லை, பெயருக்கு முன்னால் போடுகிற குடும்பத்து முன்னெழுத்துகள். இது 'பழ.மு.' என்று தொடங்குகிற விலாசம். நான் வரைந்து மாதிரி அடித்து வைத்தேன். வாங்க வந்த ஆச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு விரலை வைத்துப் படித்தார்கள். "தம்பி, இது பழ-வா, பமு-வா? எங்க வீட்டுப் பேரையே மாத்திப்புட்டியேப்பா." நான் பார்த்தேன். ழவும் முவும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி நின்றன. இரண்டுக்கும் உடம்பு ம, அடியில் ஒரு வால். வாலின் வளைவுதான் ஒன்றை மற்றதிலிருந்து பிரித்தது. வளைவை நான் எடுத்துவிட்டேன், வித்தியாசமும் கூடவே போய்விட்டது. பேரன்கள் யாருக்கும் அது தெரியவில்லை, அவர்களுக்குப் பெயர் முன்பே தெரியும். ஆச்சி எழுத்தைப் படித்தார்கள்.

அதற்கு வழி எனக்குக் கிடைத்த இடம் பாத்திரக் கடை. எங்கள் ஊர்ப் பக்கம் சீர்ப் பாத்திரம் வாங்கினால் பெயர் வெட்டாமல் வீட்டுக்குப் போகாது. பெயர் வெட்டுகிறவர் எவர்சில்வர் தூக்கின் கழுத்தில் புள்ளி புள்ளியாகக் குத்திக்கொண்டே போகிறார். அந்த இடத்தில் வளைவு சரியாக வராது, குட்டிக் குட்டி நேர்கோடுகள்தான். அவரிடம் 'பழ.மு.' என்று ஒரு தகரத் துண்டில் வெட்டித் தரச் சொன்னேன். முவுக்கு வாலைக் கீழே இறக்கி, எழுத்தின் இடது ஓரம் வரைக்கும் இழுத்தார். ழவுக்கு இறக்கியதும் பாதியிலேயே நிறுத்தி உள்ளே மடித்துவிட்டார். "ரெண்டுக்கும் வால் ஒரே நீளம்னா குழம்பும் அண்ணே, அதான் ஒண்ணுக்குப் பாதி," என்றார், அடுத்த தட்டை எடுத்துக்கொண்டே. அந்தத் தகரத் துண்டு இன்னும் என் மேசை மேல் இருக்கிறது. என் எழுத்துருவில் மு, ழ இரண்டும் அதைப் பார்த்து வரைந்தவை.

இதே குடும்பத்துக் குழப்பங்கள் இன்னும் நாலைந்து உண்டு.

மூன்று சுழி ண, இரண்டு சுழி ன. இடம் போதவில்லை என்று ணவின் ஒரு சுழியைக் கோடாக ஒடுக்கினால் அது ன ஆகிவிடும். சுழியைச் சதுரமாக்குங்கள், மூலையைச் சீவுங்கள், அடியைத் திறந்துகூட விடுங்கள், ஆனால் எண்ணிக்கையைக் குறைக்காதீர்கள். ண அகலமாகத்தான் இருக்கும், விட்டுவிடுங்கள். என் எழுத்துருவில் ன 520 அலகு, ண 760. எல்லா எழுத்தும் ஒரே அகலத்தில் இருந்தால் எந்திரத்தனமாக அழகாக இருக்கும் என்று முதலில் நினைத்தேன். தமிழில் அது நடக்காது.

ரவும் துணைக்காலும். இரண்டும் கோண வடிவில் ஒரு கதவு நிலை மாதிரி ஆகிவிடும். ரவின் அடியில் வலமாகவோ இடமாகவோ ஒரு சாய்வெட்டுப் பாதம் வையுங்கள், துணைக்காலை மொட்டையாக நிறுத்துங்கள். 'நாராயணன்' என்று அடித்துப் பாருங்கள். கால், ர, கால் மூன்றும் அடுத்தடுத்து வரும், கடைசியில் ணவும் னவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். இந்த ஒரு பெயர் தேறினால் பாதி எழுத்துரு தேறிய மாதிரி.

மேல்விலங்கும் மேல்விலங்குச் சுழியும். கிக்குத் திறந்த கொக்கி, கீக்கு மூடிய கட்டம். சிறிய அளவில் கொக்கியின் வாய் மூடிக்கொள்ளும், அதனால் வாயைக் கோட்டின் தடிமன் அளவுக்காவது திறந்து வையுங்கள். 'வீதி' என்று அடித்தால் இரண்டும் ஒரே சொல்லில் தெரியும். ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் 'தெற்கே', எகர ஏகாரத்துக்கு 'ஏன் எதற்கு', ழ முவுக்கு 'பழமுதிர்'. இந்தச் சொற்களை அச்சடித்து, கணினி பக்கமே வராத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். டிசைனர் நண்பரிடம் கொடுக்காதீர்கள், அவர் கண் தானாகவே திருத்திக்கொள்ளும்.

மூலைகள் மட்டும் தடித்து, எழுத்து திட்டுத் திட்டாகத் தெரிகிறது

வரையும்போது கோடு எல்லா இடத்திலும் 100 அலகுதான், ஆனாலும் தள்ளி நின்று பார்த்தால் மூலையில் மை கட்டின மாதிரி இருக்கும். இது கண்ணின் பிரமை என்று நெடுநாள் நினைத்தேன். கணக்குப் போட்டால் பிரமை இல்லை.

90 பாகை மூலையில் உள்முனைக்கும் வெளிமுனைக்கும் உள்ள தூரம் கோட்டைப் போல 1.414 மடங்கு. 100 அலகுக் கோடு என்றால் மூலையில் 141. அதைக் குறைக்க வெளிமூலையை 45 பாகையில் சீவுகிறோம். இங்கேதான் எல்லாரும் ஒரு தவறு செய்கிறோம்: வெளியே 100 அலகு சீவினால் உள்ளேயும் அதே 100 அலகு சீவிவிடுகிறோம். அப்படிச் செய்தால் சாய்கோட்டின் தடிமன் திரும்பவும் 141 ஆகிவிடும், சீவியதற்குப் பலனே இல்லை. சாய்கோடும் சரியாக 100 வர வேண்டுமென்றால், வெளி வெட்டின் அளவிலிருந்து கோட்டுத் தடிமனின் 0.586 பங்கைக் கழித்து உள்ளே வெட்ட வேண்டும். வெளியே 100 என்றால் உள்ளே 41. வெளியே 150 என்றால் உள்ளே 91. இந்த ஒரு கழித்தலைச் செய்ததும் என் எழுத்துருவில் பாதி அழுக்கு போய்விட்டது.

அப்புறம் கண்ணுக்காகக் கொஞ்சம். ஒரே தடிமன் உள்ள கிடைக்கோடும் நெடுக்கோடும் பக்கத்தில் இருந்தால் கிடைக்கோடுதான் தடிமனாகத் தெரியும். அதனால் கிடைக்கோட்டை 100-க்கு 92, 94 என்று இளைக்க வைப்பேன். கூர் முனையில் முடிகிற எழுத்து, தட்டையாக முடிகிற எழுத்தைவிடக் குட்டையாகத் தெரியும். முனையைக் கோட்டுக்கு மேலே 10, 15 அலகு தாண்டவிடுங்கள். இதற்குச் சூத்திரம் இல்லை, சுவரில் ஒட்டிவிட்டுத் தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று பார்க்க வேண்டியதுதான்.

ஆத்தங்குடித் தரைக்கல் செய்கிற பட்டறையில் ஒருநாள் வெகுநேரம் நின்று பார்த்தேன். கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, ஒவ்வோர் அறையிலும் ஒவ்வொரு நிறக் கலவையை ஊற்றுகிறார்கள். ஊசி மூலை உள்ள அறையில் கலவையை முனை வரைக்கும் தள்ளிவிட வேண்டியிருந்தது, சீவிய மூலையில் அது தானாகவே போய் நிரம்பியது. எழுத்தின் உள்ளே இருக்கிற வெற்றிடத்தையும் அன்றிலிருந்து அப்படித்தான் பார்க்கிறேன், வெளிச்சம் அதன் கடைசி மூலை வரைக்கும் போகிறதா என்று.

புள்ளி காணாமல் போகிறது

தமிழில் புள்ளி போனால் மெய் போய்விடும். கோண எழுத்துருவில் புள்ளியைச் சதுரமாகவோ, 45 பாகை திருப்பிய சாய்சதுரமாகவோ வைப்பார்கள். இரண்டுமே நல்லதுதான், ஆனால் பெரும்பாலும் அளவு போதாது. புள்ளியின் பக்கம் கோட்டுத் தடிமனுக்குச் சமமாகவாவது இருக்க வேண்டும், நான் 1.2 மடங்கு வைக்கிறேன். எழுத்துக்கும் புள்ளிக்கும் நடுவே உள்ள சந்து அரைத் தடிமனுக்குக் குறைந்தால் ஃபிளெக்ஸில் ஒட்டிக்கொள்ளும். நடுவில் ஓட்டை விட்ட வளையப் புள்ளி பெரிய போர்டில் மட்டும் எடுபடும், விசிட்டிங் கார்டில் அடைத்துக்கொள்ளும்.

இடமும் முக்கியம். ட போல வலது மேல்பக்கம் காலியாக இருக்கிற எழுத்துக்குச் சரி நடுவில் புள்ளி வைத்தால் அது அந்தரத்தில் தொங்கும். தண்டின் பக்கம் சற்றே நகர்த்துங்கள். ஒவ்வொரு மெய்க்கும் தனித்தனியாகப் பார்த்து நங்கூரப் புள்ளியை (மெய்யின் புள்ளி எங்கே உட்கார வேண்டும் என்று எழுத்துருவுக்குச் சொல்லும் குறி) வைக்க வேண்டும், 18 எழுத்துதான், ஒரு மாலை வேலை.

வெளிக்கோடு போட்டதும் ஊசி ஊசியாக முள் நீட்டுகிறது

ஜெர்சிக்கும் பேனருக்கும் எழுத்தைச் சுற்றி வெள்ளை வெளிக்கோடு கேட்பார்கள். கோண எழுத்தில் வெளிக்கோடு போட்டதும் சாய்கோட்டு முனையிலிருந்து முள் கிளம்பும். 10 மில்லிமீட்டர் வெளிக்கோடு 45 பாகை முனையில் 26 மில்லிமீட்டர் வரை நீளும், 90 பாகை மூலையில் 14தான். இல்லஸ்ட்ரேட்டரில் ஸ்ட்ரோக் பெட்டியில் லிமிட் என்று ஒரு எண் இருக்கும், வழக்கமாக 10 என்று நிற்கும். அதை 2 ஆக்குங்கள். 90 பாகை மூலைகள் கூர்மை மாறாமல் அப்படியே இருக்கும், 45 பாகை முனைகள் மட்டும் தட்டையாக வெட்டுப்படும். ரவுண்ட் ஜாயின் போட்டு எல்லா மூலையையும் உருட்டிவிடுகிறவர்கள் உண்டு. அதைச் செய்தால் கோண எழுத்தைத் தேர்ந்தெடுத்த நோக்கமே போய்விடும்.

கோடுகள் ஏறும் இடத்தில் வெள்ளை ஓட்டை, அல்லது சுழி முழுக்க அடைத்துக்கொள்கிறது

ஓட்டை என்றால் எழுத்துக்குள் இரண்டு வடிவங்கள் ஒன்றன் மேல் ஒன்று கிடக்கின்றன, இணைக்கவில்லை. கர்வ் போட்ட பிறகு (அதாவது எழுத்தை வெறும் வடிவமாக மாற்றிய பிறகு) கோரலில் வெல்ட், இல்லஸ்ட்ரேட்டரில் யுனைட் கொடுத்தால் சரி. எழுத்துருவிலேயே சரிசெய்வதானால் ஃபான்ட்ஃபோர்ஜில் ரிமூவ் ஓவர்லாப். சுழி அடைத்துக்கொண்டால் உள்வடிவமும் வெளிவடிவமும் ஒரே திசையில் சுற்றுகின்றன. கரெக்ட் டைரக்‌ஷன் என்று ஒரு சொடுக்கு போதும்.

ஃபிளெக்ஸுக்கு அனுப்பும்போது கட்டாயம் கர்வ் போட்டே அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கும், கூர் விளிம்பைச் சுற்றித்தான் அந்தச் சேதம் முதலில் தெரியும். கோப்பாக அனுப்புங்கள்.

திரையில் கூர்மை, வெட்டி வந்ததும் மழுங்கல்

ரேடியம் ஸ்டிக்கரில் ஊசி முனை நிற்காது. ஒட்டும்போது பிசிறும், இரண்டு மழையில் நுனி தூக்கும். முனையை ஒன்று ஒன்றரை மில்லிமீட்டர் தட்டையாக வெட்டிவிடுங்கள், பார்க்கிறவருக்குத் தெரியாது. பனியனில் சூட்டில் ஒட்டுகிற வினைலுக்கும் இதேதான், வெட்டுவதற்கு முன் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்ப மறக்காதீர்கள்.

அக்ரிலிக், ஏசிபி (அலுமினியக் கலப்பு) ஷீட்டில் சிஎன்சி வெட்டு, அதாவது கணினி ஓட்டுகிற வெட்டு மெஷின், என்றால் வேறு கதை. சுழல்கிற பிட் உருண்டை, அதனால் வெளிமூலை கூராக வரும், உள்மூலை வராது. 3 மில்லிமீட்டர் பிட் என்றால் உள்மூலையில் 1.5 மில்லிமீட்டர் ஆரத்துக்கு ஒரு வளைவு நிற்கும். மெஷின் ஓட்டுகிறவரைக் கோபித்துப் பயனில்லை. எழுத்தைப் பெரிதாக்குங்கள், அல்லது மெல்லிய பிட் கேளுங்கள், அல்லது அந்த வேலையை லேசருக்குக் கொடுங்கள். இரும்புத் தகட்டில் வெட்டி உள்ளே விளக்கு போடுவதாக இருந்தால் மூடிய சுழிகளின் நடுத்துண்டு கீழே விழுந்துவிடும். ண, ம, வ எல்லாவற்றுக்கும் ஒரு பாலம் விட்டு வரைய வேண்டும். பாலத்தை எல்லா எழுத்திலும் ஒரே திசையில், ஒரே அகலத்தில் வைத்தால் அதுவே ஓர் அழகாக அமையும்.

எழுத்துகள் ஒட்டுகின்றன, அல்லது சிதறுகின்றன

இந்த ரகத்துக்கு இடைவெளியை நீட்டிப் போடுவது வழக்கம். ஆங்கிலத்துக்கு நன்றாக இருக்கும். தமிழில் சில மென்பொருள்கள் கொம்புக்கும் எழுத்துக்கும் நடுவேயும் அந்த இடைவெளியைப் போட்டுவிடும், 'கொ' மூன்று துண்டாகக் கிடக்கும். கொஞ்சமாக நீட்டிப் பாருங்கள். அதிகம் வேண்டும் என்றால் கர்வ் போட்டு, எழுத்து எழுத்தாகக் கையால் நகர்த்துங்கள். ஆங்கிலத்தோடு சேர்த்து வைக்கும்போது இரண்டையும் ஒரே எண்ணளவில் வைக்காதீர்கள். தமிழ் எழுத்தின் உடம்பு ஆங்கிலப் பெரிய எழுத்தின் உயரத்துக்குக் கிட்டத்தட்ட வரும்வரை கண்ணால் பார்த்துச் சரிசெய்யுங்கள். மேல்விலங்கும் வாலும் எப்படியும் வெளியே நிற்கும், அவற்றுக்கு இடம் விடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் பொருந்தவில்லை

எழுத்தில் தப்பில்லை, போட்ட இடம் தப்பு. கோண எழுத்து இரண்டு மூன்று சொல்லுக்குத்தான்: பெயர், எண், ஒரு முழக்கம். முகவரியையும் தொலைபேசி எண்ணையும் நாலு வரி விவரத்தையும் அதில் போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள். அவற்றைச் சாதாரண எழுத்துருவில் போடுங்கள். கபடி, ஜிம், மொபைல் கடை, மின்சார ஸ்கூட்டர் ஷோரூம், பையன்கள் நடத்துகிற யூடியூப் சேனல் இதற்கெல்லாம் நன்றாக உட்காரும். கல்யாணப் பத்திரிகைக்குக் கேட்டால் நான் இரண்டு மாதிரி வைத்துக் காட்டி மெல்ல மாற்றிவிடப் பார்ப்பேன். கண்ணீர் அஞ்சலிக்குக் கட்டாயம் போட மாட்டேன்.

கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய வீட்டைத் தங்கும் விடுதியாக்கியவர், உள்ளே ஜிம்முக்கு மட்டும் போர்டு கேட்டார். முகப்பில் சுண்ணாம்பில் வடித்த பழைய எழுத்து, உள்ளே கோண எழுத்து, சண்டை போடுமே என்று பயந்தேன். முகப்பு எழுத்தின் தடிமனை அளந்து, அதே விகிதத்தைக் கோண எழுத்துக்கும் கொடுத்தேன். ஒத்துப்போயிற்று.

இந்த ஊரில் எழுத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்தவர்கள் முன்பும் இருந்திருக்கிறார்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதிய ஓவியர். அவர் சேர்த்து வைத்த புத்தகங்களும் இதழ்களும்தான் 1994-ல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாயின. பழைய தமிழ் இதழ்களின் தலைப்பெழுத்துகளைப் பார்க்க வாய்ப்பு கிடைத்தால் விடாதீர்கள். சுழியைச் சுருக்கியும் மழித்தும் எழுத்தைக் காப்பாற்றியவர்களின் கை அதில் தெரியும்.

மணிவிழாப் பனியனைப் பற்றிச் சொல்லாமல் விட்டேனே. ழவை மாற்றி வரைந்து, இரண்டாவது மாதிரியை எடுத்துக்கொண்டு நானே அந்த வீட்டுக்குப் போனேன். ஆச்சி பட்டாலையில் உட்கார்ந்து மறுபடியும் விரல் வைத்துப் படித்தார்கள். "பழ... மு... ம், இப்பச் சரி. முப்பது உருப்படி போடு தம்பி, எனக்கும் சேத்து."